நாலு மணி மழையும் ஒன்பது கல்லூரிகளும்

என் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை பெய்தது. மே மாதம். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை, காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது, ஆனாலும் பெய்தது, சரியாக அரை மணி நேரம், எங்கள் ஓடைக்கரைக் குடியிருப்பின் மேலும் அதை ஒட்டிய உப்புப் பாத்திகளின் மேலும் மட்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. அறுபது வீட்டிலும் உப்பளத்து வேலைதான். அந்த அறுபது வீட்டிலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். அதனால் அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். "முத்துஜோதி பாஸானதுக்கு வானம் பன்னீர் தெளிக்குதுடே" என்று அந்தோணி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

மறுநாள் நான் மூன்று கிலோமீட்டர் தள்ளி ரேஷன் கடை வரிசையில் நின்றேன். நாலு மணிக்கு ரேஷன் கடையின் மேல் பெய்தது, ஓடைக்கரை காய்ந்து கிடந்தது. அதற்கு மறுநாள் மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். பள்ளிக்கூடத்தின் மேல் பெய்தது. நாலாம் நாள் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தேன். வீட்டின் மேலும் பாத்திகளின் மேலும் பெய்தது. ஐந்தாம் நாள் மூன்றே முக்காலுக்கு அம்மா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெளியே போய், கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தாள். மழை ஊருக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உப்பளத்தில் மழை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் நாள் கணக்காகச் சுண்டவிட்டு, அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வரும்போது, விடியுமுன்னே பாத்திக்குள் இறங்கி, கால் வெடித்து எரிய எரிய அந்த உப்பை வாரிக் கரையேற்றுகிறார்கள். அரை மணி நேர மழை போதும், பூத்தது எல்லாம் மறுபடி தண்ணீராகி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வருடத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழைக் காலத்தில் அளம் மூடிக் கிடக்கும், வேலை இருக்காது. கோடையில் வாரினால்தான் உண்டு. அந்தக் கோடையில்தான் எனக்கு மழை வந்தது.

ஆனால் ஓடைக்கரையில் யாரும் என்னைத் திட்டவில்லை. இசக்கியம்மாளுக்குக் கை ராசி, தொட்ட செடி பூக்கும், அந்தோணி மாமாவைப் பாம்பு கடித்தால் பாம்புதான் சாகும், முத்துஜோதிக்கு மழை, இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்து பார்க்காமல் விடவில்லை. அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், பூசாரி நனைந்தார். மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் ஜெபம் செய்தார்கள். சாமியார் குடை எடுத்துவரச் சொல்லி முழு ஜெபத்தையும் முடித்தார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ரத்தம் கொஞ்சம் குறைவு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்; மொட்டைமாடியில் காய்ந்த போர்வைகளை எடுக்க நர்சுகள் ஓடினார்கள்.

பத்து நாளில் மூன்று தரம் பாத்திகள் கரைந்துபோன பிறகு, தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்தில் எல்லோரும் குடத்தோடு கூடியபோது, பேச்சித்தாய் அத்தைதான் பேச்சை எடுத்தாள். அத்தை பாத்தியில் உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் இல்லை, ஆனால் குரல் பெரியது. அளத்து முதலாளியே அவளிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

"நாலு மணிக்கு இந்தப் பிள்ள இங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான விஷயம்? ரெண்டு மணி பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போவோம். போற இடத்துல பெய்யட்டும்."

"எங்கக்கா கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டார் என் அப்பா சுயம்பு. பதினைந்து வருடம் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. யாரிடம் பேசினாலும் குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்.

"காலேஜுக்கு" என்றாள் அத்தை. "அங்கன்னா நிழல் இருக்கும், கக்கூஸ் இருக்கும். வாட்ச்மேன் விரட்டுனா, பிள்ளையச் சேக்க வந்திருக்கோம்னு சொல்லிக்கிடலாம்."

லோடு ஆட்டோ ஓட்டும் பவுல்ராஜ் அண்ணன் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில், போய்விட்டு அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள கல்லூரிகளின் பெயரை எல்லாம் எழுதினான். ஒன்பது வந்தது. எங்கள் யாருக்கும் அவற்றில் ஒன்றின் உள்பக்கம்கூடத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது மதில் சுவரையும் வாசல் வளைவையும் பார்த்ததோடு சரி.

இப்படித்தான் தொடங்கியது. விடியுமுன் பாத்தியில் இறங்கிப் பதினொரு மணிக்குக் கரையேறுகிறவர்களுக்கு மத்தியானத் தூக்கம்தான் ஒரே சுகம். அந்தத் தூக்கத்தை முறை வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் நாலைந்து பேர், கால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, என்னை நடுவில் உட்காரவைத்துப் பஸ் ஏறினார்கள். ஏறிய ஐந்தாவது நிமிடம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். ரெண்டு மணி பஸ் கண்டக்டர் இரண்டு நாளில் பழகிவிட்டார். ஏதாவது ஒரு நாள் பஸ் தாமதமாகிவிட்டால், மூன்றே முக்காலுக்கு விசில் ஊதி, "எல்லாரும் ஷட்டர இறக்குங்க, மழை பிள்ள வண்டியில இருக்கு" என்பார். பயணிகள் அலுத்துக்கொண்டே இறக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லூரிகள் மூடியிருக்கும் என்பதால் அன்று பஸ்ஸிலேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தோம். திருச்செந்தூர் சாலையில் ஒரு நீளத்துக்கு மட்டும் அந்தக் கோடையில் பச்சைப் புல் முளைத்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் புல் என்று பேர் வைத்தார்கள்.

அந்த வருடம் பருவத் தேர்வுகள் தள்ளிப்போயிருந்ததால் கல்லூரிகளில் மாணவர்கள் இன்னும் இருந்தார்கள். நான் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது; கூட வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. லூர்தம்மாள் சித்தி நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போய், ஒவ்வொரு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். பேச்சித்தாய் அத்தை விடுதிச் சமையல்கட்டுக்குள் நுழைந்து சோற்றை ஒரு பருக்கை நசுக்கிப் பார்ப்பாள். என் அம்மா தங்கபுஷ்பம் வகுப்பறை வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்ப்பாள். எல்லாம் ஒரே மாதிரி விலை கூடின செருப்பாக இருந்தால் என் கையைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தைத்துப் போட்ட செருப்பும் ரப்பர் செருப்பும் பளபளப்பான செருப்பும் கலந்து கிடந்தால், "இது பரவால்ல" என்பாள். கண் மங்கிய அப்பா தூணுக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற பெண்களின் பேச்சைக் கேட்பார். "இங்க பிள்ளைக சத்தமாச் சிரிக்குதுக" என்றோ, "இங்க எல்லாம் காதுக்குள்ளயே பேசுதுக" என்றோ சொல்வார்.

துறைமுகத்து மகளிர் கல்லூரியில் தாழ்ப்பாள் நன்றாக விழுந்தது, செருப்பு சரியில்லை. விவசாயக் கல்லூரியில் எள் காயப்போட்டிருந்தார்கள்; நாலு மணிக்கு அது நனைந்துபோக, மாணவர்கள் தார்ப்பாய் இழுக்க எங்கள் பெண்களும் கூட ஓடி இழுத்தார்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து டீ குடித்தோம். நர்சிங் கல்லூரியில் சோறு நன்றாக இருந்தது, எனக்குத்தான் அந்த மருந்து வாசனையில் தலை சுற்றியது. சட்டக் கல்லூரியில் வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை. அத்தை கேட்டிலேயே நின்று அவரோடு அரை மணி நேரம் வாதாடினாள், மழை விட்டதும் "இந்த அம்மாவையே சேத்துக்கலாம் போலயே" என்று அவரே சொன்னார்.

ஏழாவதாகப் போனது மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெரிய கண்ணாடிக் கட்டடம். ஆனால் உள்ளே போகும்போதே தெரிந்தது, கொத்துக் கொத்தாக வாளியோடு மாணவர்கள் நின்றார்கள், புல்தரை பழுத்துக் கிடந்தது. எண்ணூறு பிள்ளைகள் தங்கியிருந்த விடுதியில் ஆளுக்கு அரை வாளித் தண்ணீர்தான். நாலு மணிக்கு நான் அந்த முற்றத்தில் நின்றபோது பெய்த மழையில் அவர்கள் வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சட்டையோடு குளித்தார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த தாளாளர், நரைத்த மீசைக்காரர், கண் கலங்கிப்போய் நின்றார். எப்படி விஷயம் தெரிந்ததோ, கிளம்பும்போது எங்களை அறைக்குள் அழைத்து, எல்லோருக்கும் பன்னீர் சோடா கொடுத்து, அப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு எந்தப் பிரிவு கேட்டாலும் தாரேன்யா. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எதுக்கும் நீங்க எதுவும் குடுக்க வேண்டாம்."

பேச்சை முடிப்பதற்குள் ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். பவுல்ராஜ் அண்ணன் அதைச் சத்தமாக வாசித்தான். நான்கு வருடமும், எல்லா நாளும், விடுமுறை நாள் உட்பட, மாலை நாலு மணிக்கு நான் அந்த வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது.

"தீவாளிக்கு?" என்றாள் அத்தை.

"இங்கயே புதுத் துணி எடுத்துக் குடுப்போம்மா. எம் பொண்ணு மாதிரி வச்சுக்கிடுவேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணூறு பிள்ளைகள் முகத்தில் ஈரம் காயாமல் சன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று இரண்டு மழை நனைந்ததுபோல உடம்பு வெடவெடத்தது. மறுநாள் எனக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை, பஸ் ஏறுவது எங்கே. மூன்று நாள் வீட்டில் கிடந்தேன், மூன்று நாளும் நாலு மணிக்கு ஓடைக்கரையின் மேல் மழை பெய்தது. பத்து நாளாகக் காத்திருந்து பூத்து வந்த பாத்திகள் எல்லாம் கரைந்துபோயின. பாயில் படுத்துக்கொண்டு ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தைக் கேட்பேன். ஒவ்வொரு சொட்டுக்கும் யாரோ ஒருவருடைய வேலை போகிறது என்று தோன்றும். அந்த நேரத்தில்கூட லூர்தம்மாள் சித்தி தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கஞ்சித் தூக்கோடு வந்தாள். வந்தவள் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வாய் கசக்கா? நார்த்தங்காய் கொண்டாரவா?" என்றாள்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். மழையில் குடை பிடித்து, எங்கள் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், அப்பாவிடம் சொன்னார்: "சுயம்பு, உன் மகளக் குத்தம் சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, நீயும் உன் பொண்டாட்டியும் வேற அளம் பாத்துக்க வேண்டியதுதான்." அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தலையை மட்டும் ஆட்டினார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. வியாழக்கிழமை. தெளிவாக இருந்தது எல்லாம்: நான் போய்விட்டால் உப்பு விளையும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை நிலைக்கும், எண்ணூறு பிள்ளைகள் குளிப்பார்கள், எனக்கும் படிப்பு இலவசம். யார் மறுத்துச் சொல்வார்கள்? மழை விட்டதும் தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக்கு நானே நடந்து போய், கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். "அத்த, நான் அந்த இன்ஜினியரிங் காலேஜுக்கே போறேன். பவுல் அண்ணன நாளைக்கு போன் பண்ணச் சொல்லுங்க."

அத்தை குடத்தைக் கீழே வைத்தாள்.

"அங்க உனக்குப் பிடிச்சிருந்துதா?"

"தெரியல."

"என்ன படிக்கப் போற?"

"எதுன்னாலும் தாரோம்னாங்களே."

"அவங்க தாரது கெடக்கட்டும். நீ என்ன கேக்கப்போற?"

"எல்லாருக்கும் நல்லதுதான அத்த" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, ஏன் என்று எனக்கே தெரியாமல்.

"எங்களுக்கு நல்லது பாக்க எங்களுக்குத் தெரியும்ட்டி" என்றாள் அத்தை. "நான் மூணாம் கிளாஸ் முடிக்கல. என்னை எந்தப் பாத்தியில இறக்குறதுன்னு எங்கய்யா முடிவு பண்ணுனாரு, இறங்குனேன். நீ மார்க் வாங்கிட்டு வந்திருக்க. ஒங்கிட்டயாவது ஒருத்தரு என்ன வேணும்னு கேக்கணும்லா. அந்தத் தாள்ல இன்னும் ரெண்டு காலேஜ் பாக்கி இருக்கு. அதையும் பாத்துட்டுச் சொல்லு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"போனா போகுது."

"முதலாளி?" என்றாள் அம்மா, மெல்ல.

அத்தை விறுவிறுவென்று நடந்து, குடியிருப்பின் வெளியே காரில் ஏறப் போன முதலாளியை நிறுத்தினாள். நாற்பது பெண்களும் குடத்தை வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் கேட்டது மட்டும் காற்றில் வந்தது: "அப்ப எப்பத்தான் போவா?" அத்தை சொன்னதும் வந்தது: "அவளுக்கு எப்ப ஒரு காலேஜு பிடிக்குதோ அப்ப. சுயம்ப நிறுத்துனா நாங்களும் கரையிலதான் நிப்போம்." அவர் நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். கார் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, எட்டாவது கல்லூரிக்குப் போனோம். கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஓர் அரசு கலைக் கல்லூரி. பெயிண்ட் போன கட்டடங்கள், சுற்றிலும் வேலிக்கருவை, கேட்டில் ஆளே இல்லை. சித்தி தாழ்ப்பாள் பார்க்கப் போய், "நாலுல ஒண்ணு விழல" என்று வந்து சொன்னாள். எனக்கு உற்சாகம் இல்லை. நேரம் மூன்று ஐம்பது. கூட வந்தவர்களைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் மழை வாங்குவதற்காக மைதானத்துக்கு இறங்கினேன்.

மைதானத்தில் பத்துப் பதினைந்து மாணவ மாணவிகள் நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள். மூன்று கால் வைத்த பலகை, அதில் ஒட்டிய தாள், திசைகாட்டி, தரையில் அங்கங்கே அடித்த முளைக்குச்சிகள், நீள நீளமான அளவு நாடா. நான் ஓரமாகப் போய் நின்றேன். நாலு மணிக்கு மழை இறங்கியது. எல்லோரும் ஓடுவார்கள் என்று பார்த்தால், இரண்டு பேர் பலகைக்குக் குடை பிடித்தார்கள், மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். நாடாவின் ஒரு நுனியைப் பிடித்திருந்த உயரமான பெண், பின்னாட்களில் என் அறைத்தோழியான ரெஜினா, என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், சும்மாதான நிக்க? அந்த நுனியப் பிடி! அந்த எருமப்பய மழைன்னு ஓடிட்டான்."

"நான் இந்தக் காலேஜ் இல்லக்கா. பாக்க வந்தேன்."

"பாக்க வந்தாலும் பிடி. முளையில வச்சு இறுக்கிப் பிடிக்கணும், தொய்யக் கூடாது."

பிடித்தேன். அவள் நடந்தாள், நாடா நீண்டது, மழைத் தண்ணீர் அதன் மேல் உருண்டு வந்து என் விரலில் சொட்டியது. "முப்பத்தேழு மீட்டர் நாப்பது!" என்று கத்தினாள். குடைக்குக் கீழே ஒருவன் எழுதினான். அடுத்த முளைக்கு ஓடினோம். அதற்கடுத்த முளைக்கு, அங்கே அளவை நானே கத்திச் சொன்னேன். தாளில் ஒவ்வொரு கோடாக விழ விழ, நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த சகதி மைதானம் அங்கே சின்னதாக, சுத்தமாக, தன் உண்மையான வடிவத்தோடு வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க நாலு மணியையே நினைத்துக்கொண்டு இருந்த எனக்கு, அந்த அரை மணி நேரம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

ஹெப்சிபா மேடம், அந்தத் துறையின் ஆசிரியை, கணக்கைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பக்கம் யாரு நுனி பிடிச்சது? ஒரு இடத்துலகூடத் தொய்யல."

நான் கையைத் தூக்கினேன். இது என்ன படிப்பு என்று கேட்டேன். புவியியல் என்றார். என் மதிப்பெண்ணைக் கேட்டார்; கணிதம் எவ்வளவு என்று கேட்டார்; சொன்னேன். விண்ணப்பம் போட இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்றார். அவரிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "மேடம், எனக்கு ஒரு விஷயம் இருக்கு. நான் எங்க இருந்தாலும் நாலு மணிக்கு மழை பெய்யும்."

"தினமுமா?"

"தினமும். அரை மணி நேரம்."

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "கிளாஸ் மூணரைக்கு முடிஞ்சிரும், பிராக்டிகல்னா இன்னிக்கு மாதிரி குடை பிடிச்சுக்கிடலாம், அதனால ஒண்ணும் இல்ல. ஹாஸ்டல்ல துணி காயப்போடுற பிள்ளைகள்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வச்சிரு." அப்புறம் நாடாவைச் சுருட்டப் போய்விட்டார்.

தாழ்வாரத்துக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்குமுன் அத்தை என் முகத்தைப் பார்த்து, "அப்பாடா" என்றாள். அம்மா வாசலில் கிடந்த செருப்புகளைக் காட்டினாள். எல்லாம் கலந்துதான் கிடந்தன, எல்லாவற்றிலும் கரிசல் மண் அப்பியிருந்தது. அப்பா தூணில் சாய்ந்து நின்று, "மழைக்குள்ள நீ சத்தம்போட்டுக் கத்துனது இங்க வரைக்கும் கேட்டுது" என்றார்.

ஒன்பதாவது கல்லூரிக்கும் மறுநாள் போனோம். நான் முடிவு செய்துவிட்டேன் என்று எவ்வளவு சொல்லியும் அத்தை கேட்கவில்லை. அங்கே சோறு குழைந்திருந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. பொறியியல் கல்லூரித் தாளாளருக்கு அப்பாவே போன் செய்து வருத்தம் சொன்னார். கல்லூரி திறக்கும் வரை வாரம் ஒரு நாள் அங்கே போய் அவர்கள் முற்றத்தில் நின்று வந்தேன். மற்ற நாட்களில் பருத்தி போட்டிருந்த கரிசல் ஊர்களிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போனார்கள்.

சேர்ந்த பிறகு ஒரு மாதத்தில் கல்லூரி மழைக்குப் பழகிவிட்டது. விடுதிப் பெண்கள் விடியக்காலையிலேயே துணி துவைத்தார்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள், மேட்ச் உள்ள அன்று மட்டும், "தங்கச்சி, நாலு மணிக்கு லைப்ரரிக்குப் பின்னாடி நின்னுக்கிடேன்" என்று கேட்டு வருவார்கள், போய் நிற்பேன். விடுதிக் கிணற்றில் கோடையிலும் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் கிடந்தது. சமையல் அக்கா நாலு மணிக்கென்றே தினமும் வெங்காய பஜ்ஜி போடத் தொடங்கினாள், அந்தப் பழக்கம் என்னால் வந்தது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. நான் வரைபடம் வாசிக்கக் கற்றேன், மண்ணைக் கையில் உருட்டி அதன் பேர் சொல்லக் கற்றேன், இரண்டு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினேன், ரெஜினாவோடு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். எல்லோரையும் போலத்தான்.

ஊருக்கு மழைக்காலத்தில் மட்டும் போனேன். மற்ற மாதங்களில் வா வா என்று அவர்கள்தான் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. பாத்தி பூத்திருக்கும்போது என்னால் அங்கே மனசார உட்கார முடியாது. பொங்கலுக்கு அம்மாவும் அப்பாவும் கரும்போடு விடுதிக்கு வந்தார்கள்.

இரண்டாம் வருடம் மே மாதம், ஒரு மத்தியானம், கல்லூரி வாசலில் பஸ் நின்று ஏழு பேர் இறங்கினார்கள். பேச்சித்தாய் அத்தை, லூர்தம்மாள் சித்தி, அந்தோணி மாமா, பவுல்ராஜ் அண்ணன், என் அம்மா, அப்பா. நடுவில், புதுச் சுடிதாரில், சித்தியின் மகள் ஜெனோவா. அந்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தாள். சித்தி என்னைக் கண்டு கையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராகக் கழிப்பறைப் பக்கம் போனாள்.

நான் பதறிப்போனேன். "இவளுக்கும் மழையா?"

"மழையா? வெயிலுக்குக்கூட இவளப் பிடிக்கல" என்றாள் அத்தை. "சும்மாதான் வந்தோம். இவளுக்குக் காலேஜு பாக்கணும்லா. இது அஞ்சாவது."

எல்லோரையும் சுற்றிக் காட்டினேன். ஹெப்சிபா மேடம் தன் அறையில் நாற்காலி போடச் சொல்லி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மழை வந்தது. தாழ்வாரத்தில் வரிசையாக நின்றோம். தூக்கம் இல்லாத கண்கள், எண்ணெய் தடவிய வெடிப்புக் கால்கள், எல்லாம் எனக்குத் தெரிந்தவை. எனக்குத் தாங்கவில்லை.

"அத்த, இவளுக்குத்தான் மழை இல்லையே. ரெண்டு பேரு வந்தாப் போதாதா? எதுக்கு இத்தன பேரு தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வரணும்?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு மட்டும் மழைக்காகவா வந்தோம்? மழைய இறக்கிவிடணும்னா நம்ம தேரிக்காடு இல்லயா, ஆளு அரவம் இல்லாத வெறும் செம்மணலு, பஸ்ஸுல பத்து நிமிஷம்? நாலு மணிக்கு ஒன்ன அங்க ஒரு பனைக்கடியில நிப்பாட்டிட்டு நாங்க அந்தப் பக்கம் படுத்துத் தூங்கியிருக்க மாட்டமா?"

அந்தோணி மாமா சிரித்தார். எனக்கு அந்த இரண்டு வருடமும் அது தோன்றவே இல்லை. தேரிக்காட்டை நான் வகுப்பில் வரைந்திருக்கிறேன், அதன் மணலுக்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள் அம்மா. "சொன்னா நீ வரமாட்டன்னுட்டா அக்கா."

நன்றி என்ற வார்த்தையை ஓடைக்கரையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஓடிப்போய்ச் சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய பஜ்ஜி வாங்கி வந்து அத்தை கையில் கொடுத்தேன். அவள் ஒன்றைப் பிய்த்து, ஊதி, முதலில் என் வாயில் வைத்தாள்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ஏறும் இடத்தில் ஜெனோவா என்னைத் தனியே இழுத்துப் போனாள். முகம் சங்கடமாக இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு இந்தக் காலேஜு அவ்வளவாப் பிடிக்கல."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்குக் காது கூர்மை. "ஏ, பேச்சித்தாய்க்கா, பிள்ளைக்குப் பிடிக்கலயாம்!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து கத்தினார். எல்லோரும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஜெனோவா வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்தாள்.

"பிடிக்கலன்னா விடு" என்றாள் அத்தை. "தாள்ல இன்னும் நாலு இருக்கு. ஏறு, ஏறு, நாளைக்கு நர்சிங் காலேஜு. அங்க சோறு நல்லா இருக்கும்."